வேகாத ஆறு முட்டைகள்

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, காலை 7.10 மணி. எரிமலைமேல் உள்ள கொதி ஏரிக்கு ஏறியவர்கள் மூன்று பேர். பிற்பகல் 3.20-க்கு இறங்கி வந்தவர்கள் இரண்டு பேர்.

என் பெயர் டெல்வின் லரோண்ட், வயது 26, த/பெ ஆஸ்மண்ட் லரோண்ட். டொமினிக்கா தீவு, ரோசோ நகரில் வசிக்கிறேன். எரிமலைக் கருவிகளைப் பழுது பார்க்கும் டெக்னீஷியன். எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி, லோடா கிராமத்து ஹயசிந்த் பிரவோ, வயது 54, தானாகவே ஏரிக்குள் இறங்கினார் என்று போலீஸில் சொல்லும்படி என் மேலாளர் போனில் சொன்னார். அவர் தானாக இறங்கவில்லை. நான் இறங்கச் சொன்னேன். அதை முதலில் எழுதிக்கொள்ளவும்.

ஏரிக் கிண்ணத்துக்குள் நாங்கள் வைத்திருந்த சென்சார் நான்கு நாட்களாகப் பேசவில்லை. அதை எடுத்துவரவே போனோம். மூன்றாவது ஆள் வனக்காவலர் ஜோசெட் ரோயர். 9.20-க்குப் பாழ்வெளிப் பள்ளத்தாக்கை அடைந்தோம். அதன் பிறகு பிரவோ, எல்லா வழிகாட்டிகளும் செய்வதுபோல், ஆறு முட்டைகளை வலைப்பையில் கட்டி வெந்நீர் ஊற்றில் தொங்கவிட்டார். வழக்கமாகப் பத்து நிமிடத்தில் வெந்துவிடும், தின்றுவிட்டு நடப்போம். அன்று இருபது நிமிடம் விட்டு எடுத்தார். ஒன்றை உடைத்தார், கையில் வழிந்தது. மீதி ஐந்தையும் உடைத்தார். ஐந்தும் பச்சை.

"தம்பி, தண்ணி அடங்கிக் கெடக்கு. இன்னிக்கு இதுக்கு மேல வேண்டாம், திரும்பிடுவோம்" என்றார்.

"அண்ணே, முட்டைய வச்சு எரிமலைய அளக்குறீங்களா? பசிச்சா ரொட்டி தின்னுங்க."

"நக்கல் பண்ணு. முப்பது வருசமா நான் இந்த ஊத்துல வெந்தத தின்னுருக்கேன். ஒன் மெஷின் என்னத்த தின்னுச்சு?"

ஜோசெட் சிரித்தாள். "விடு டெல்வின், முட்டை வேகலன்னா இவரு ஞாயித்துக்கெழம கோயிலுக்கே போகமாட்டாரு" என்றாள். அவரும் சிரித்துவிட்டார். நான் மணி பார்த்தேன். மழைக்கு முன் இறங்க வேண்டும் என்றேன். அவர் ஓடுகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

10.45-க்கு விளிம்பில் நின்றோம். எப்போதும் கொதிக்கும் ஏரியில் அன்று ஆவி இல்லை, இரைச்சல் இல்லை. தண்ணீர் வடிந்து நடுவில் ஒரு குட்டைதான் மிச்சம். பதினைந்து மீட்டர் கீழே, சாம்பல் சேற்றின்மேல் சென்சார் தெரிந்தது. அதன் பிறகு நான் கேஸ் மீட்டரை மார்புக்கு நேரே நீட்டினேன். பூஜ்யம் காட்டியது. அந்த மீட்டர் அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவை மட்டும் அளக்கும். ஏரி அடங்கி ஆவி எழாத நாளில், நாற்றமில்லாத கரியமில வாயு பள்ளத்தில்தான் தேங்கும். அதை அளக்கும் மீட்டர் மூன்று கிலோ. கனம் என்று வண்டியிலேயே விட்டுவிட்டு வந்தேன். இது எனக்குப் படிப்பிலேயே சொல்லிக்கொடுத்த விஷயம்.

"பூஜ்யம் அண்ணே. எறங்கலாம்" என்றேன்.

அவர் என் பூட்ஸைப் பார்த்தார். "நீ இரு. இத போட்டுக்கிட்டு எறங்கினா வழுக்குவ. நான் எடுத்தாரேன்."

கயிறு கட்டவில்லை. நான் கட்டச் சொல்லவுமில்லை. 11.02-க்குச் சேற்றில் கால் வைத்தார். சென்சாரை எடுக்கக் குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். அதன் பிறகு உட்கார்ந்தார். களைப்பு என்று நினைத்தேன். கூப்பிட்டேன். பிறகு பக்கவாட்டில் சாய்ந்தார், பை மட்டும் நிமிர்ந்து நின்றது. ஜோசெட் இறங்க ஓடினாள், அவள் பைவாரைப் பிடித்து நிறுத்தினேன். என் முகத்தில் அடித்தாள். விடவில்லை. 11.40-க்குக் குட்டை சத்தமில்லாமல் பெரிதாகி அவர் கால்வரை வந்து நின்றது. 12.10 வரை பார்த்தோம். அவர் அசையவில்லை.

நாளை காலை ஆறு மணிக்குத் தீயணைப்பு வீரர்கள் நான்கு பேர் உடலை எடுக்க மலையேறுவதாக இப்போது இந்த நிலையத்தில் கேள்விப்பட்டேன். அவர்களிடமும் கேஸ் மீட்டர் இருக்கிறதாம். அது என்னிடம் இருந்த அதே மாதிரி மீட்டர்.

எழுதியதை அதிகாரி வாசித்துக் காட்டினார். "தவறி விழுந்து" என்று ஓரிடத்தில் இருந்தது, கோடு போட்டு அடிக்கச் சொன்னேன், அடித்தார். பாக்கி எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மை. என்னைக் காவலில் வைப்பதென்றால் நாளை மாலைக்கு மேல் வைக்கவும். அதற்குள் செய்ய வேண்டியதையும் இதிலேயே சேர்க்கச் சொன்னேன்:

1. இங்கிருந்து நேரே லோடா போய், முட்டை வேகாததை அவர் மனைவியிடம் நானே சொல்வேன்.

2. காலையில் தீயணைப்பு வீரர்களுக்கு முன்னால் வண்டியில் விட்டுவந்த அந்தக் கனமான மீட்டரை நான் சுமப்பேன். கயிற்றில் கட்டி அதை முதலில் இறக்குவேன்.

3. அதற்கும் முன், அதே ஊற்றில் முட்டை போடுவேன். பத்து நிமிடத்தில் வேகாவிட்டால், மீட்டர் என்ன காட்டினாலும், ஒருவரையும் இறங்க விடமாட்டேன்.

(ஒப்பம்) டெ. லரோண்ட்