மீட்ட ஜிமிக்கி

மதியச் சாப்பாடு வர்றதுக்குள்ள, இல்லங்கள்ல வேலை பாக்குற உங்களுக்கு ஒரு குட்டிக் கதை சொல்லிடறேன். தூங்குறவங்க தாராளமா தூங்கலாம்... குறட்டை மட்டும் விடாதீங்க, இந்த மைக் அதையும் இழுத்துக்கும்.

கஷ்டத்துல மாட்டித் தப்பிச்சு வந்த பொண்ணுங்க தங்குற நம்ம அரசாங்க இல்லம் ஒண்ணு. எந்த ஊருன்னு கேக்காதீங்க... அந்த ஊர்க்காரங்களும் இந்த ஹால்லதான் உக்காந்திருக்காங்க. அங்க சூப்பிரண்டு கோகிலவாணி மேடம். தங்கமான மனுஷி. ஆனா இடுப்புல எப்பவும் சாவிக்கொத்து. மேடம் வர்றதுக்கு முன்னாடி அவங்க சாவிச் சத்தம் வந்துடும். ஏம்மா, நீங்க ஏன் உங்க சாவியைக் கைப்பைக்குள்ள தள்றீங்க? நான் கோகிலவாணி மேடத்தைத்தானே சொல்றேன்!

அந்த இல்லத்துல பூங்காவனம்னு ஒரு பொண்ணு. இருபது இருபத்தஞ்சு வயசு இருக்கும். பனியன் கம்பெனியில வேலைன்னு சொல்லி ஒரு ஏஜென்ட் கூட்டிட்டுப் போனான். கொண்டு போய் விட்டது எங்க? மொழி தெரியாத ஊர்ல, ஒரு வீட்டுல. விடிஞ்சதுல இருந்து வேலை. சம்பளம் இல்ல, போன் இல்ல, வாசல்ல பூட்டு. நம்ம அதிகாரிங்க போலீஸோட போய் அந்தப் பூட்டை உடைச்சு அவளைக் கூட்டிட்டு வந்தாங்க. ஏஜென்ட் இப்போ ஜெயில்ல. கை தட்டுங்கய்யா... நல்ல காரியத்துக்குக் கை தட்டக்கூட மேலிடத்துல கேக்கணுமா?

இல்லத்துல அவளுக்கு என்ன குறை? டாக்டர் பாத்தாங்க. வக்கீல் வந்தாங்க. மனசு விட்டுப் பேச ஒரு அம்மா வந்தாங்க. புதுசா ஆதார் கார்டு எடுத்துக் குடுத்தாங்க. ஞாயித்துக்கிழமையானா கோழிக் குழம்பு வேற!

ஒரு நாள் பூங்காவனம் மேடம் முன்னாடி வந்து நின்னா. "மேடம், டவுன்ல அரசாங்கத் தையல் வகுப்பு வர்ற திங்கக்கிழமை ஆரம்பிக்குது. எனக்கு இடம் கிடைச்சிருக்கு. பஸ்ல போயிட்டு சாயங்காலம் வந்துடறேன்."

"தனியாவா? அதெல்லாம் வேணாம். டீச்சரையே இங்க வரவழைக்கிறேன்."

"எப்போ மேடம்?"

"மேல எழுதிப் போட்டிருக்கேன்டி."

மேல எழுதிப் போட்டா என்ன ஆகும்... சிரிக்கிறீங்க பாருங்க! உங்களுக்குத் தெரியாததா?

பூங்காவனம் விடல. "திங்கக்கிழமை நான் போய் நிக்கலைன்னா என் இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க மேடம். எனக்குன்னு இருக்குறது அந்த ஒரு இடம்தான்."

"வெளிய ஆபத்து. சொன்னாக் கேளு."

அவ என்ன சொன்னா தெரியுமா? மெதுவா... "என்னைப் பூட்டி வெச்ச வீட்டுக்காரங்களும் இதையேதான் மேடம் சொன்னாங்க."

மேடத்துக்குச் சுருக்குன்னு தைச்சிடுச்சு. "யாரோட யாரைடி சேர்க்குற? பெத்த புள்ள மாதிரி பாத்துக்கிட்டதுக்கு இதுவா பேச்சு?" கண்ணு கலங்கிட்டு உள்ள போயிட்டாங்க. அன்னிக்கு பூங்காவனத்துக்கும் சோறு இறங்கல. மேடத்தை நோகடிக்கணும்னா அவ சொன்னா? வாய் தவறி உண்மை வந்துடுச்சு, அவ்வளவுதான்.

ஞாயித்துக்கிழமை வந்தது. கோழிக் குழம்பு கொதிக்குது. மேடம் வர்றாங்க... சாவி ஒரு பக்கம் கலகலங்குது, காதுல ஜிமிக்கி ஒரு பக்கம் ஆடுது. வெங்காயம் உரிச்சிட்டிருந்த பூங்காவனம் நிமிர்ந்து பாத்தா. பாத்த உடனே அந்தக் கழுதைக்கு ஒரு குறும்பு தோணிடுச்சு.

"மேடம், ஜிமிக்கி சூப்பரா இருக்கு! புதுசா?"

மேடம் கோவத்தையெல்லாம் மறந்துட்டாங்க. நகையைக் கேட்டா யாருக்குத்தான் கோவம் நிக்கும்? "பழசுடி. எங்கம்மா போட்டது. பேங்க்ல அடகுல கிடந்துச்சு. நேத்துதான் மீட்டேன்."

"அய்யோ, மீட்டதைப் போய்க் காதுல மாட்டிக்கிட்டு சுத்துறீங்களே! பீரோவுல வெச்சுப் பூட்ட வேணாமா? எவனாவது அத்துக்கிட்டுப் போனா?"

மேடம் சிரிச்சாங்க. "அடிப் பைத்தியம்! பீரோவுல பூட்டி வைக்கிறதுக்கா மீட்டேன்? அதுக்குப் பேங்க்லயே பத்திரமா இருந்திருக்குமே! போட்டுக்கத்தான்டி மீட்டேன்!"

பூங்காவனம் வெங்காயத்தைக் கீழ வெச்சா. கையைத் தொடைச்சுக்கிட்டா. "மேடம்... என்னையும் மீட்டதாத்தான் பேப்பர்ல போட்டிருந்தாங்க."

...

என்ன, ஹாலே அமைதியாயிடுச்சு? அங்க சமையல்கட்டும் இப்படித்தான் ஆயிடுச்சு. மேடம் சொன்ன முதல் வார்த்தை... "வாயாடி!" சொல்லிட்டு, முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டாங்க. வெங்காயம்னு சொன்னாங்க. நாமும் வெங்காயம்னே வெச்சுக்குவோம்.

மறுநாள் காலையில கேட்டைத் தொறந்தது கோகிலவாணி மேடமேதான். பூங்காவனம் டிபன் பாக்ஸோட டவுன் பஸ் ஏறுனா, ஜன்னல் சீட்டு பிடிச்சா. எட்டிப் பாத்தா... பஸ்ஸுக்குப் பின்னாடியே ஒரு ஸ்கூட்டி! ஹெல்மெட் போட்டா ஆள் தெரியாதுன்னு மேடத்துக்கு நெனப்பு. ஹெல்மெட்டுக்குக் கீழ ஜிமிக்கி ஆடுதே! பூங்காவனம் தலையை வெளிய நீட்டிக் கத்துனா: "மேடம்! நான் போயிக்குவேன்! உங்க ஜிமிக்கி பத்திரம்!"

பஸ்ஸே சிரிச்சுது. மேடமும் சிரிச்சாங்க. அப்புறம்... ஸ்கூட்டியைத் திருப்பிட்டாங்க. அதுதான் கஷ்டமான வேலை. பூட்டை உடைச்ச அன்னிக்கு நம்ம கூட போலீஸ் இருந்தாங்க, ஜீப் இருந்துச்சு. ஸ்கூட்டியைத் திருப்புற அன்னிக்கு யாரு துணைக்கு வருவா? பயம் ஒண்ணுதான் கூட வரும்.

அதனால சொல்றேன், இல்லத்துல வேலை பாக்குற என் சொந்தங்களே. சோறு போடுங்க, வைத்தியம் பாருங்க, கேஸ் நடத்துங்க, எல்லாம் வேணும். பயப்படவும் செய்யுங்க, பாசம் இருந்தா பயம் வரத்தான் செய்யும். ஆனா அந்தப் பயத்துக்கு அவங்களைப் பூட்டாதீங்க. பழைய பூட்டை உடைச்சுட்டுப் புதுப் பூட்டைப் போட்டா அதுக்குப் பேரு மீட்புங்களா? அவ நினைச்ச இடத்துக்குப் பஸ் ஏறிப் போய், அவளா திரும்பி வரணும். அன்னிக்குத்தான் நாம அவளை மீட்டிருக்கோம்.

அதோ, மூணாவது வரிசையில ஒரு அம்மா காதைத் தொட்டுப் பாக்குறாங்க... தொட்டுப் பாருங்கம்மா, நல்லா தொட்டுப் பாருங்க. ஊருக்குப் போன உடனே உங்க இல்லத்து கேட்டையும் அப்படியே ஒரு தடவை தொட்டுப் பாத்துடுங்க.