செக்கடியில் நடந்த இங்கிலீசு வகுப்பு

மேடையில் இருக்கும் பெரியவர்களே, அரிமளத்துச் சனங்களே, மாலை போட்ட படத்துக்குள் இருக்கும் எங்கள் இங்கிலீசு ஆசிரியர் இன்னாசி ஐயா அவர்களே! அம்பத்திரண்டாம் வருசம், ஆடி மாசம், என் எண்ணெய்ச் செக்கடியில் அன்றைக்கு இருந்தவர்கள் யார் யார்? இன்னாசி ஐயா. அவர் வகுப்புப் பெண்பிள்ளைகள். அதில் என் மகள் சீதை, அவள் சேக்காளி ஜன்னத் பீவி. மாடு ஓட்டிய மூக்கன். பிற்பாடு வந்த பள்ளிக்கூட மேனேஜர். அவருக்குக் குடை பிடித்து வந்த ஹெட்மாஸ்டர் செல்லமுத்து. அப்புறம் நான்.

ஐயா ஏன் அங்கே வந்தார்? ‘ரொடேட்’ என்றாலும் சுத்துறது, ‘ரிவால்வ்’ என்றாலும் சுத்துறது என்று பிள்ளைகள் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தன. ஐயாவுக்குப் பொறுக்குமா? “மாடு உரலை நடுவில் விட்டு வலம் வருதே, அது ரிவால்வ். உலக்கை இருந்த இடத்திலேயே திருகுதே, இது ரொடேட்” என்று காட்டினார். லத்தீன் பாஷையில் ரோட்டா என்றால் சக்கரமாம். அதில் பிறந்த சொல்லாம். ஒரு போகம் நெல்லு, மறு போகம் உளுந்து என்று வயலில் மாற்றிப் போடுவதற்கும் அதே சொல்தானாம்.

“அப்ப மூக்கண்ணன் ரிவால்வ் ஆகுறாரா சார்?” என்றாள் ஜன்னத்.

“எனக்குத் தலையே ரொடேட் ஆகுது தாயி!” என்றான் மூக்கன்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் மேனேஜர் நுழைந்தார். “வயசுப் புள்ளைகளை யார் உத்தரவுல இங்கிட்டுக் கூட்டியாந்தீரு?”

ஐயா ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். காலையில் என் மகள் காதுபட, “தாராளமாக் கூட்டிட்டுப் போங்க” என்று சொன்ன வாய் அது! என்ன சொன்னது? “எனக்குத் தெரியாதுங்க!”

ஐயாவுக்கு வேலை போனது. கெட்ட பேர் போனதா? கேட்காமல் பெண்பிள்ளைகளைக் கூட்டிப் போனவர் என்ற பேர், பொன்னமராவதி வரைக்கும் அவருக்கு முன்னால் போய் நின்றது. எந்தப் பள்ளிக்கூடமும் அவரைச் சேர்க்கவில்லை. சாகிறவரை என் செக்கடியில்தான் பாடம் சொன்னார். கல்லறைக்கும் அந்தப் பேரோடுதான் போனார்.

தலைமை தாங்கும் ஹெட்மாஸ்டர் அவர்களே! சற்றுமுன் “ஒப்பற்ற ஆசிரியர்” என்று கண்ணைத் துடைத்தீர்களே! ஐயாவின் சம்சாரம் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். எழுந்து, “நான்தான் அனுமதி கொடுத்தேன்” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நிற்கிறேன், சொல்லுங்கள்.

துண்டைச் சரி செய்கிறீர்கள். சரி.

நாளைச் சாயங்காலம் என் செக்கடியில் வகுப்பு உண்டு. சீதை பாடம் எடுப்பாள். என் மூச்சு உள்ளவரை அது நிற்காது. இது ஐயாவுக்கு நான் கொடுக்கும் வாக்கு. மேனேஜர் போய்ச் சேர்ந்துவிட்டார். உண்மை தெரியாமல் செய்தார், அவரை மன்னித்துவிட்டேன். தெரிந்தே பொய் சொன்ன உம்மை மன்னிக்கமாட்டேன்,

செல்லமுத்து.