ஊட்ல கேட்டுக்கோ

இல்லீங்கக்கா, காய்ச்சலெல்லாம் இல்லீங்க. பயத்துல, பேச வேண்டியத வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்துட்டு வாரேன், சிரிப்பும் வருது. பஸ் எறங்குனதும், காங்கேயத்துல எங்க சர்ச்சு சபைல இன்னைக்கு நாந்தான் பிரசங்கம் பண்ணோணும். மொதத் தடவைங்க. ஆம்பளைங்க பாதிப் பேரு எந்திரிச்சுப் போயிருவாங்கன்னு பேச்சு.

பன்னெண்டு வருசமா முக்காடு போட்டுட்டு, வாயத் தொறக்காம பாய்ல உக்காந்தவதானுங்க நானு. பொம்பளைங்க சபைல பேசப்படாது, சந்தேகம்னா ஊட்ல புருசங்கிட்டக் கேட்டுக்கோணும்னு பவுலு சபைக்குப் போட்ட கடுதாசில எழுதிருக்காருன்னு எங்க பாஸ்டர் சொல்லுவாருங்க.

பவுலுங்களா? ஏசுசாமிக்கு அப்பறம் ஊர் ஊராப் போய்ச் சபை வெச்சவருங்க. கலியாணம் பண்ணாத மனுசன். பொண்டாட்டி கேள்வி கேட்டா என்னாகும்னு அவருக்கென்னங்க தெரியும்!

நானுஞ் சொன்ன பேச்சக் கேட்டனுங்க. ஊட்ல கேக்க ஆரம்பிச்சேன். பனியன் கம்பெனில எனக்கு செக்கிங் வேலைங்க. எந்தப் பீஸையும் உள்பக்கந் திருப்பிப் பாக்காம பாஸ் பண்ண மாட்டேன். வேதத்தையும் அப்படித்தான் பாத்தேன். அதே பவுலு, அதே கடுதாசில, நாலு பக்கம் முன்னாடி, பொம்பளைங்க சபைல ஜெபம் பண்ணறப்ப முக்காடு போடச் சொல்றாருங்க. பேசவே கூடாதுன்னா முக்காடு எதுக்குன்னு கேட்டேன். எங்கூட்டுக்காரரு தோசைய மெல்லாம முழிச்சாருங்க. ஏசு உசுரோட எந்திரிச்சத ஆம்பளைங்ககிட்டப் போய்ச் சொல்லுன்னு மரியாளுங்கற பொம்பளையத்தான அனுப்புனாரு, அவ வாய மூடிட்டிருந்தா உங்களுக்கு ஆரு சொல்லிருப்பாங்கன்னேன். பொரையேறிருச்சுங்க!

எட்டு மாசமுங்க. குளிக்கப் போனா கதவுக்கு வெளிய நின்னு கேட்டேன். வண்டில போனா பின்னாடி உக்காந்து காதுல கேட்டேன். போன வாரம் கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு. தாயே, நீயே போய்ப் பேசிக்கோ, என்னைய உடுன்னு.

அட, படியூர் தாண்டிருச்சுங்களா? இன்னுங் கொஞ்ச நேரத்துல காங்கேயமுங்கக்கா.

பாஸ்டரா? அவரு எப்படி ஒத்துக்கிட்டாருன்னா கேக்கறீங்க? அதா, முன்சீட்ல மைக் பொட்டிய மடில வெச்சுட்டு, சன்னலையே பாத்துட்டு வாராரே வெள்ளச் சட்டை, அவருதானுங்க பாஸ்டர்.

எங்கூட்டுக்காரருங்களா? அவருந்தானுங்க அது! சபைல பேசாதேன்னவரும் ஊட்ல முழிச்சவரும் ஒரே ஆளுங்க.

இன்னைக்கு அவரு பாய்ல உக்காந்து பேசாம கேக்கோணும். சந்தேகம் வந்தா, ஊட்ல வந்து பொண்டாட்டிகிட்டக் கேட்டுக்கட்டுமுங்க.