ஃபுல்ஸ்கிரீன்ல இருந்து வெளிய வந்தா...

கெசியா: ...ஆடுறப்ப ஒண்ணும் ஆகலண்ணா. கேம் முடிச்சு ஃபுல்ஸ்கிரீன்ல இருந்து வெளிய வந்தாதான்... ஸ்கிரீன் கறுப்பாகி, திரும்ப பாஸ்வேர்டு கேக்குது.

சாலமன்: திறந்து வெச்சதெல்லாம் போயிடுதா?

கெசியா: எல்லாமே. பத்தாம் கிளாஸ் கொஸ்டின் பேப்பர் பாதி அடிச்சிருந்தேன். சேவ் பண்ணல. போச்சு.

சாலமன்: டீச்சரம்மா கொஸ்டின் பேப்பர் நடுவுல கார் ரேஸ் ஓட்டுறாங்களா?

கெசியா: ஒரே ஒரு ரேஸ்தான்... சிரிக்காத! லேப்டாப்ல விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுக் குடுத்தது நீதானே? இங்க கடைக்காரர் அதைத் தொடவே மாட்டேங்குறார்.

சாலமன்: அதான் ரெண்டு வருஷம் கழிச்சு அண்ணன் ஞாபகம் வந்துச்சா?

கெசியா: அப்படியில்லண்ணா, நான்...

சாலமன்: சும்மா சொன்னேன். ஹலோ... கெசியா?

கெசியா: இருக்கேன். வீட்டு மேல ஃப்ளைட் போச்சு, கேக்கல.

சாலமன்: அந்தச் சத்தம் இல்லாம இங்க ஊரப்பாக்கத்துல முதல் மாசம் எனக்குத் தூக்கமே வரல. சரி, லேப்டாப்ல கமாண்ட் அடிக்கிற டெர்மினலைத் திற. வாட்ஸ்அப்ல ஒரு வரி அனுப்பியிருக்கேன், அப்படியே அடி.

கெசியா: அடிச்சிட்டேன்... அய்யோ, என்னென்னவோ வருது.

சாலமன்: பயப்படாத. எது எப்ப கிராஷ் ஆச்சுன்னு அதுல இருக்கும். போட்டோ எடுத்து அனுப்பு.

கெசியா: வந்துச்சா?

சாலமன்: வந்துச்சு... ம்...

கெசியா: என்னண்ணா? பெரிய பிரச்சனையா?

சாலமன்: இல்ல... பார்க்கலாம். கொஞ்சம் நேரமாகும். உனக்கு வேலை ஏதாவது இருக்கா?

கெசியா: ஒண்ணுமில்ல. எவ்வளவு நேரம் ஆனாலும் பரவால்ல.

சாலமன்: கேமை மூடுறப்ப ஸ்கிரீன் அளவு மாறும்ல... அந்த இடத்துல டெஸ்க்டாப்பை நடத்துற புரோகிராமே விழுந்துடுது. லாக்அவுட் பண்ணு. உன் பேரைத் தொட்டா, கீழ மூலையில பல் சக்கரம் மாதிரி ஒண்ணு வரும்.

கெசியா: எங்க... ஆங், இருக்கு.

சாலமன்: அதுல எக்ஸ் லெவன்னு பழைய டிஸ்ப்ளே முறை ஒண்ணு இருக்கும், அதை எடு. எடுத்துட்டு உள்ள போ. பாஸ்வேர்டு மாத்திட்டியா?

கெசியா: இல்ல. நீ வெச்சதேதான்.

சாலமன்: ...சரி. கேமைத் திற. ஃபுல்ஸ்கிரீன்ல ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வெளிய வா.

கெசியா: நீ லைன்லயே இருப்பியா?

சாலமன்: இருக்கேன். ஓட்டு.

கெசியா: ...முதல் வளைவுலயே இடிச்சிட்டேன்!

சாலமன்: ஸ்கூட்டியும் அப்படித்தானே ஓட்டுவ.

கெசியா: போண்ணா! சரி, மூடுறேன்... ஒண்ணும் ஆகல. எல்லாம் அப்படியே இருக்கு. தேங்க்ஸ்ண்ணா.

சாலமன்: ம்... அப்ப வெச்சிடவா?

கெசியா: இரு! அண்ணா... உன் கல்யாணத்துக்கு நான் வந்திருக்கணும். அம்மா போகக்கூடாதுன்னாங்க. நானும் வாயைத் திறக்கல.

சாலமன்: விடுடா.

கெசியா: அண்ணி என்னை என்ன நினைச்சிருப்பாங்க...

சாலமன்: ஜீவிதாதான் இப்ப ஓடி வந்து போனை எடுத்துக் குடுத்தா. ‘உன் தங்கச்சி பேரு வருது, கட் ஆகறதுக்குள்ள பேசு’ன்னா.

கெசியா: அண்ணியா... அப்படிச் சொன்னாங்க?

சாலமன்: அழறியா?

கெசியா: இல்ல. ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வரட்டா? அம்மா கோவம் இன்னும் போகல. நான் மட்டும்தான்.

சாலமன்: வா. ஸ்டேஷன்ல வந்து நிக்கிறேன். லேப்டாப்பையும் எடுத்துட்டு வா, இன்னொரு தடவை பார்த்துடலாம்.

கெசியா: அது... வேணாம்ணா. லேப்டாப் நல்லாத்தான் இருக்கு. போன மாசம் ஒரு அப்டேட் போட்டேன், அதுக்கப்புறம் கிராஷே ஆகல. உன்கிட்ட என்ன சொல்லிப் பேச ஆரம்பிக்கிறதுன்னு தெரியல... அதான்.

சாலமன்: தெரியும். நீ அனுப்பின போட்டோவுல கடைசி கிராஷ் போன மாசம் ஒன்பதாம் தேதின்னு இருந்துச்சு. உடனே சொல்லியிருந்தா நீ போனை வெச்சிருப்ப... அதான் உன்னைப் பல் சக்கரம் தேட விட்டேன்.