நாலு விரலுக்கு, அஞ்சாவது வாய்க்கு

இருந்தவர்கள்:

ஹியூபேட். கொச்சிக்கடை. துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற கிளாக்கர். இளம்பிள்ளைவாதம் நெஞ்சைப் பிடித்ததில் நாலு மாதமாக மூச்சுப்பெட்டிக்குள். வலக்கை மட்டும் சொன்னபடி கேட்கும்.

செலீன். நர்ஸ். எல்லாரும் மிஸி என்பார்கள்.

மஹ்ரூப். வாட்டு அட்டெண்டன். எல்லாருக்கும் நானா, அதாவது அண்ணன். ஹியூபேட்டை அவர் தொர என்பார்.

பெட்டி. பலகையால் செய்தது. கரண்டில் ஓடும் துருத்தி நோயாளிக்காக மூச்சு விடும். தலை மட்டும் வெளியே. ஆஸ்பத்திரியில் ஒன்றே ஒன்று.

கொழும்பு, 1946. காலை பத்து மணி.

— அறுநூறா? மிஸி... உங்களுக்கென்ன விசரா... என்னால அறுபதுக்கு மேல... ஒரு மூச்சும்... ஏலாது.

— டொக்டர் கேட்டது பெட்டிக்கு வெளியில அரை மணித்தியாலம். அறுநூறு மூச்சு வரும் எண்டு நான்தான் வாய் தவறிச் சொல்லிட்டன். பெட்டி காத்து விடுற நேரத்திலதான் உங்களுக்குப் பேச்சே வருது, ஹியூபேட். அதையும் சண்டைக்கே செலவழிக்கிறீங்க.

— நாளைக்குப்... பாப்பம்.

— நாளைக்கு இல்ல. கொலன்னாவையில இருந்து ஒரு பிள்ளையைக் கொண்டு வாறாங்க. ரபீக்கா, ஒன்பது வயசு. உங்கட வருத்தம்தான், இளம்பிள்ளைவாதம். பெட்டி ஒன்றுதான் இருக்கு.

— அப்ப என்னைத் தூக்கி... கடல்ல போடுங்க.

— தூக்குறது மஹ்ரூப்தானே, தொர. நாலு மாசம் படுத்துத் திண்ட ஒடம்பு. கட்டிலுக்கு மாத்தவே எண்ட இடுப்பு போகுது, கடல் வரைக்கும் ஏலுமா?

— நானா... நீங்களும் மிஸியோட... சேந்திட்டீங்க.

— வழக்கம்போல அறுபது, ஹியூபேட். அதுக்குப் பிறகு நீங்க கேட்டா உள்ள விடுறன்.

— சத்தியமா?

— அந்தோனியார்மேல சத்தியமா. கேட்டா, உள்ள.

— சுவர் மணிக்கூடு... இன்னும் மாட்டல்லயா?

— மூணு கிழமைக்கு முதல் கழட்டினது கழட்டினதுதான். முள்ளைப் பாத்தாலே உங்களுக்கு மூச்சு முட்டுது. எண்ணுறதுக்கு வாய் இருக்கே. நானா, இழுங்க.

— பிஸ்மில்லாஹ். கழுத்தை லேசா விடுங்க, தொர. ஆ, கட்டிலுக்கு வந்தாச்சு.

— ஒன்று.

— வயிறு ஏறட்டும். தோள் ஏற வேணாம்.

— ரெண்டு. திரை எதுக்கு?

— கடல்காத்து அடிக்குது.

— பெட்டி... ஓடுதா?

— திரைக்குப் பின்னால ஓடுது. கேக்குதுதானே?

— கேக்குது. நிப்பாட்டாதீங்க. அந்தச் சத்தம் இருந்தாப் போதும். ஒன்பது.

— தொர, கன நாளாக் கேக்க நெனச்சது. விரல் நாலு தரம் மடங்குது, பொறகுதான் வாய் தொறக்குது. அது என்த கணக்கு?

— ஜெட்டிக் கணக்கு, கப்பல்துறையில எண்ணுறது. நாலு மூட்டை விரலுக்கு. அஞ்சாவது வாய்க்கு. பன்னிரண்டு வருசம். கை தானா மடங்கும். இருபத்தி நாலு.

— அப்ப முழுத்தொகை?

— ஓபிஸ்ல பெருக்குவாங்க. பெருக்கல் என்ர வேலை இல்ல.

— கதைச்சா எண்ணம் தவறாதா, ஹியூபேட்?

— எனக்கா? கிரேன் கத்தும். கங்காணி கத்துவான். சோத்துப் பார்சலோட பொஞ்சாதி யோசெப்பின் வந்து கத்துவா. ஒரு மூட்டை தவறினதில்ல. முப்பத்தொன்பது.

— சவுந்தரநாயகம் அப்பிடிச் செல்லல்லயே.

— ஆர்?

— அடுத்த ஜெட்டி கிளாக்கர். கால் முறிஞ்சு பக்கத்து வாட்டுல ஈக்கார். ஹியூபேட் சண்டை புடிச்சா எண்ணம் போயிரும், அரிசிக் கப்பல்ல நூறு மூட்டையை உட்ட ஆள் எண்டு செல்றார்.

— நூறா! அந்த மூக்கனா சொன்னான்? அவன் எண்ணுறதைப் பாத்திருக்கிறீங்களா, நானா? தும்மினா ரெண்டு மூட்டை போகும். அவனுக்குத் தடிமன் பிடிச்ச அன்றைக்கு ஒரு வள்ளமே காணாமப் போனது! அறுபத்தி ரெண்டு. சிரிக்காதீங்க, மிஸி.

— சிரிக்கல்ல. இருமல்.

— என்ன உருளுது?

— சாப்பாட்டு வண்டியா இருக்கும்.

— பெட்டிச் சத்தம் நிண்டிட்டு!

— பெல்ட்டுக்கு எண்ணெய் விடவேணும் எண்டு நானா காலையில சொன்னவர். நீங்க எண்ணுங்க. இல்லாட்டி சவுந்தரநாயகம் சொன்னது சரியாப் போயிரும்.

— எழுபத்தி மூன்று! போகல்ல! அவன் வரட்டும், நொண்டிக்கொண்டாவது வரட்டும், இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில நிண்டு என்னோட எண்ணிப் பாக்கட்டும், ஆர் முதல்ல பிழைவிடுறது எண்டு மிஸியே சொல்லட்டும்.

— அவ்வளவையும் ஒரே மூச்சில சொன்னீங்க.

— ஆத்திரத்தில வந்திட்டு. தொண்ணூறு. ஆ, இப்ப கேக்குது. மெல்லமாக் கேக்குது.

— எண்ணெய் விட்டா அப்படித்தான்.

— நூற்றிநாலு. நானா எங்க போனவர்?

— வந்துட்டன், தொர. கை கழுவப் போன.

— நூற்றி இருபத்தொன்று. ஐயோ! அறுபது தாண்டிட்டு! பெட்டி! மிஸி, பெட்டி!

— முதல்ல என்ர மணிக்கூட்டைப் பாருங்க. பத்துக்கு வெளியில எடுத்தம். இப்ப?

— பத்தரை. பொய். நூற்றி இருபது மூச்சுக்கு அரை மணித்தியாலமா?

— அது வாய் எண்ணினது. விரலை ஆர் எண்ணுறது? நீங்கதான் பெருக்க மாட்டீங்களே.

— அஞ்சு தரம்... அந்தோனியாரே. அறுநூறு.

— அறுநூற்றி அஞ்சு. மூணு கிழமையா அறுபது மூச்சு, மூணு நிமிசம்தான் எண்டு அழுதீங்களே, அது கால் மணித்தியாலம்.

— ஏன் சொல்லல்ல?

— சொல்லியிருந்தா அடுத்த நாளே ஒவ்வொன்றா எண்ணி அறுபதில நிண்டிருப்பீங்க.

— அந்தச் சவுந்தரநாயகம்?

— கால் கையெல்லாம் சுகமா ஜெட்டியில ஈக்காராம். பேர் தந்தது ஒங்கட பொஞ்சாதி. அந்தப் பேரைச் சென்னா நீங்க சோத்துப் பானை மாதிரி பொங்குவீங்களாம்.

— யோசெப்பினுமா! சரி. கேளுங்க, மிஸி. தெரிஞ்ச பிறகுதான் எனக்குக் கூடப் பயம். இரவைக்குக் கட்டாயம் கெஞ்சுவன். அந்தப் பிள்ளை வந்த உடன பெட்டியை மற்ற ரூமுக்கு உருட்டிட்டு, கதவைச் சாத்திப் பூட்டுங்க, நானா. நான் என்ன சொன்னாலும் திறக்கக் கூடாது.

— நீங்க தொண்ணூறு செல்லும்போதே பூட்டிட்டன், தொர. சாவி மிஸிட கையில. அதுக்குப் பொறகு நீங்க கேட்டுட்டு இருந்தது அந்தப் புள்ளட மூச்சு.