தட்டிப் பார்த்து வாங்கிய படகுகள்

உங்கள் நாற்காலி ஆடுகிறது ஐயா. பின்னங்கால் ஒன்று அரை அங்குலம் குட்டை. அடியில் ஒரு ரப்பர் துண்டைக் கொடுத்துவிட்டால் போதும், உட்காருகிறவருக்கு எதுவும் தெரியாது. பேச்சு முடிந்ததும் நானே வைத்துத் தருகிறேன். சும்மா உட்கார்ந்திருந்தால் எனக்குக் கை நமநமவென்று இருக்கும்.

நான் ஃபைபர் படகு கட்டுகிறவன். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. துறைமுகச் சாலையின் இந்தப் பக்கம் என் பட்டறை, அந்தப் பக்கம் நுரைக்காரர் பட்டறை. அந்தப் பட்டப்பெயரை அவருக்கு வைத்தவன் நான்தான். வாயைத் திறந்தால் மனுஷனுக்கு நுரையைத் தவிர வேறு பேச்சே கிடையாது.

நுரை என்றால் என்ன என்று உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும், எழுதிக்கொள்ளுங்கள். படகின் தளத்துக்கு அடியிலும் பக்கச் சுவர்களுக்கு உள்ளேயும் வெற்றிடம் இருக்கும். இரண்டு திரவங்களைக் கலந்து அதில் ஊற்றினால், அடுப்பில் மறந்துவிட்ட பால் மாதிரி பொங்கி, மூலைமுடுக்கெல்லாம் நிறைந்து, வெள்ளையாக இறுகிவிடும். அதற்குப் பிறகு படகு நிறையத் தண்ணீர் ஏறினாலும் படகு முழுகாது. ஆட்கள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மிதக்கலாம். அவ்வளவுதான் அதன் வேலை. மற்ற நாளெல்லாம் இடத்தை அடைத்துக்கொண்டு தூங்கும். இப்படி ஒரு ஆள் உங்கள் அலுவலகத்தில் இருந்தால் வைத்திருப்பீர்களா? சரி, வைத்திருப்பீர்கள். வாசலில் ஒருவரைப் பார்த்தேன்.

நுரைக்காரர் ஒருநாள் தன் படகில் குழாயைச் செருகி விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, அந்தத் தண்ணீருக்குள் இடுப்பளவு உட்கார்ந்து டீ குடித்துக் காட்டினார். துறைமுகமே கூடி நின்று கைதட்டியது. நானும் தட்டினேன். வயிறு எரிந்தது என்பதையும் மறைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மீன் ஏற்றுமதி கம்பெனி பன்னிரண்டு படகு வேண்டும் என்றது. கம்பெனிக்காரம்மா வந்தார். கறார் பேர்வழி. பக்கத்துத் துறைமுகத்து கம்பெனி ஒன்று அவர்களை ஓட ஓட விரட்டிக்கொண்டிருந்தது. யாருடைய மீன் முதலில், அதிகமாக, கெடாமல் போய்ச் சேருகிறதோ அவர்களுக்குத்தான் வெளிநாட்டில் மதிப்பு. அதனால் அவர் போட்ட நிபந்தனையும் ஒன்றே ஒன்று. அதே நீளம், அதே இன்ஜின். எந்தப் படகு ஒரே நடையில் அதிகப் பெட்டி ஏற்றுகிறதோ அதற்கு ஆர்டர். நுரைக்காரர் படகில் நாற்பது பெட்டி. என் படகிலும் நாற்பது. ஆர்டர் போனால் என் பட்டறைக்குப் பூட்டுத்தான். இருபத்தாறு பேர் என்னிடம் வேலை பார்த்தார்கள்.

படகு கட்டுவோர் சங்கம் அந்த மாதம் ‘தொழில் வியூகம்’ என்று இரண்டு நாள் வகுப்பு வைத்தது. கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். கடலைப் படத்தில் பார்த்திருப்பார் போல, ஜன்னல் பக்கம் மீன் வாசம் வந்தபோதெல்லாம் கைக்குட்டையை எடுத்தார். ஆனால் ஒன்று சொன்னார், அது என் மண்டைக்குள் ஆணியடித்த மாதிரி உட்கார்ந்துவிட்டது. போட்டியாளரால் காப்பியடிக்க முடியாத ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும் என்றார். மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போதே எனக்கு விடை கிடைத்துவிட்டது. நுரைக்காரரால் எதை வேண்டுமானாலும் காப்பியடிக்க முடியும். நுரையை எடுப்பதற்கு மட்டும் அந்த மனுஷனுக்குக் கை வராது.

எடுத்தேன். மீன் அறையின் தளத்தைக் கீழே இறக்கினேன், சுவர்களை ஒதுக்கினேன். ஐம்பத்திரண்டு பெட்டி உட்கார்ந்தது.

அடுத்தது, படகைப் பார்த்துச் சான்று கொடுக்கிற சர்வேயர். துறைமுகத்தில் அவரை டொக்டொக் என்போம். படகைச் சோதிக்க அவரிடம் கருவி எதுவும் கிடையாது. கையில் ஒரு சின்ன மரச்சுத்தி, அவ்வளவுதான். சுவரைத் தட்டுவார். டொக் என்று கேட்டால் உள்ளே நுரை இருக்கிறது, கையெழுத்து. டங் என்று கேட்டால் இல்லை. வாங்குகிறவர்களும் அப்படித்தான், தர்பூசணி வாங்குகிற மாதிரி விரல் முட்டியால் தட்டிப் பார்த்துத் தலையாட்டுவார்கள். இந்தத் துறைமுகத்தில் எல்லாரும் காதால்தான் படகு வாங்கினார்கள். ஒருவர்கூட ஒரு துளை போட்டுப் பார்த்ததில்லை. புதுப் படகில் யாராவது துளை போடுவார்களா?

கம்பெனியின் மீன் வெட்டும் கூடத்தில் ஓடித் தேய்ந்த ரப்பர் பெல்ட்டுகளைக் குப்பையில் போட்டிருந்தார்கள். அள்ளிக்கொண்டு வந்து சுவர்களின் உட்பக்கம் பசை போட்டு ஒட்டினேன். பட்டறை ஆட்களிடம் இது அதிர்வைக் குறைக்கும் என்றேன். டொக்டொக் வந்தார், தட்டினார், டொக் என்றது. ‘‘நுரைக்காரனையே தூக்கிச் சாப்பிட்டுட்ட, நல்லா கெட்டியா இருக்கு’’ என்று பாராட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அப்படி ஒரு சிரிப்பு அதற்கப்புறம் வரவே இல்லை.

ஆர்டர் எனக்கு வந்தது. நுரைக்காரர் சாலையைக் கடந்து வந்தார்.

‘‘எப்படிப்பா பன்னெண்டு பெட்டி கூட ஏத்துற? எனக்கு ராத்தூக்கமே இல்ல.’’

‘‘எல்லாம் டிசைன்தாண்ணே.’’

அவரும் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். டொக். தன் தொழிலே தனக்குத் தெரியவில்லை என்று நம்பிக்கொண்டு போனார் பாவம். ஆறு மாதத்தில் அவர் பட்டறையில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தது. கம்பெனியோ ஓஹோவென்று போனது. பக்கத்துத் துறைமுகத்துக்காரர்கள் மூச்சுத் திணறினார்கள். யாருக்கு என்ன நஷ்டம் சொல்லுங்கள். ஒன்றரை வருடம் பன்னிரண்டு படகும் ஒரு பிசகு இல்லாமல் ஓடின. அந்த ஒன்றரை வருடத்தை யாருமே எழுதிக்கொள்வதில்லை.

ஏழாவது படகை ஓட்டியவர் என் தங்கை வீட்டுக்காரர். நான் சொல்லித்தான் கம்பெனியில் அவருக்கு அந்தப் படகைக் கொடுத்தார்கள். நல்ல மனுஷன். கொஞ்சம் நோண்டுகிற குணம் உண்டு. மீன் கூட்டத்தைக் காட்டுகிற கருவி ஒன்றை வாங்கி, அதை மாட்டுவதற்காகச் சுவரில் தானே துளை போட்டிருக்கிறார். ஒருநாள் காலை எட்டு மணிக்கு என் பட்டறைக்கு வந்து உள்ளங்கையை விரித்தார். கறுப்புத் துருவல்.

‘‘மச்சான், வெள்ளையா தூள் வரும்னு பாத்தேன். இது சுருள் சுருளா ரப்பர் வருது.’’

‘‘அது புது மெட்டீரியல் மாப்ள.’’

‘‘கம்பிய உள்ள விட்டேன். எங்கயும் முட்டவே இல்ல. ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு.’’

‘‘அந்த இடத்துல வயர் போறதுக்கு வழி விட்டிருக்கேன்.’’

அவர் கடலைப் பார்த்தார். ‘‘காத்தும் சரியில்ல இன்னிக்கு. நீ சொல்லு மச்சான். வேணாம்னா கரையேத்திடறேன். போகச் சொன்னா போறேன்.’’

பதினொரு மணிக்குக் கம்பெனிக்காரம்மா வருவதாக இருந்தது. இன்னும் முப்பது படகுக்குக் கையெழுத்து. அந்த நேரத்தில் ஒரு படகு ஓட்டையோடு கரையில் கிடந்தால், நாலு பேர் சுற்றி நின்று எட்டிப் பார்த்தால் என்ன ஆகும்? நீங்களே என் இடத்தில் இருந்து பாருங்கள். நான் பிசினைக் குழைத்து எடுத்துக்கொண்டு அவரோடு படகுத்துறைக்குப் போனேன். துளையை அடைத்தேன். வழவழவென்று தேய்த்துவிட்டேன். முட்டியால் தட்டிக் காட்டினேன். டொக்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. ‘‘நீ கட்டுன படகு. உன்ன நம்பாம யார நம்புறது’’ என்றார்.

‘‘போயிட்டு வா மாப்ள. அந்தம்மா வந்திருப்பாங்க. அம்பத்திரண்டு பெட்டியும் ரொப்பிட்டு வா, கண்ணால பாக்கட்டும்’’ என்றேன்.

ஐந்து பேர் போனார்கள். பதினொன்றரைக்குக் கையெழுத்தானது, நல்ல பேனா, எனக்கே கொடுத்துவிட்டார். ஒரு மணிக்குக் காற்று திரும்பியது. மற்ற படகுகள் வெறுங்கையோடு ஓடி வந்துவிட்டன. மாப்பிள்ளை பெட்டிகளை நிரப்பிக்கொண்டிருந்தார். கடைசியாகப் பார்த்தவர்கள் சொன்னது, ஒரே அலைதான், படகு நிறைந்தது, நிறைந்ததும் கல் மாதிரி இறங்கிவிட்டது, பிடித்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சவில்லை. நாலு காலிப் பெட்டிதான் கரைக்கு வந்தது.

என் தங்கை அழவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, ‘‘அண்ணா, நெறஞ்சாலும் முழுகாதுன்னு சின்ன வயசுலருந்து நீதானே சொல்லுவ, ஏன் முழுகுச்சு?’’ என்று மட்டும் கேட்டாள். அலை அப்படிம்மா என்றேன். நம்பினாள். எனக்கு நெஞ்சு வலித்தது ஐயா, அது நிஜம். அதற்கு மறுநாள் முப்பது படகுக்கான அச்சை எடுத்து வைத்தேன், அதுவும் நிஜம்.

நுரைக்காரர்தான் சும்மா இருக்கவில்லை. பட்டப்பகலில் ரம்பத்தோடு வந்து, துறையில் கட்டியிருந்த நாலாவது படகின் சுவரை எல்லார் கண் முன்னாலும் அறுத்துத் திறந்தார். உள்ளே பெல்ட்டைப் பார்த்ததும் அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். மனுஷன் அப்படியே தரையில் உட்கார்ந்து, ‘‘நானும் தட்டிப் பாத்தேனே, நானும் தட்டிப் பாத்தேனே’’ என்று தலையில் அடித்துக்கொண்டார். தொழிலில் இவ்வளவு இளகிய மனசு ஆகாது.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நுரையை எடுத்தது நான். பெல்ட் ஒட்டியது நான். துளையை அடைத்து அந்த ஐந்து பேரையும் அனுப்பியது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மூன்று நாளாகச் சொல்வதை மாற்ற மாட்டேன். சாகட்டும் என்று செய்யவில்லை. ஒழுங்காகக் கட்டிய படகுக்கு நுரை தேவையே இல்லை என்று மனசார நம்பித்தான் செய்தேன்.

மேஜை மேல் நீங்கள் காகிதத்தில் மடித்து வைத்திருக்கும் வெள்ளைத் தூளைப் பார்த்துவிட்டேன். பட்டறைக்குப் பின்னால் கட்டியிருக்கும் என் சொந்தப் படகில் துளை போட்டு எடுத்தது, இல்லையா? ஆமாம், நுரைதான். கம்பெனிப் படகுகளுக்கென்று வாங்கி வைத்திருந்த டின்களையெல்லாம் நானே என் கையால் அதில் ஊற்றினேன், ஓர் இடுக்கு விடாமல். அதையும் இதையும் முடிச்சுப் போடாதீர்கள் ஐயா. அது வேறு விஷயம். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் படகில் என் மகள் வருவாள்.