கப்பித்தானுக்குப் பத்தியம்

— ஜெனீற்றா, அடுப்பை நிப்பாட்டிப்போட்டு ஓடி வா. சத்தம் போடாதை. கப்பித்தான் கடிச்சிட்டான்.

— ஐயையோ, கையையே? கொண்டாங்கோ பாப்பம்.

— கையை இல்லையப்பா, பெல்லற்றை, அந்தக் கிளித்தீனை. பச்சை ஒண்டைக் காலாலை தூக்கி, சொண்டிலை வைச்சு, நொறுக்கு நொறுக்கெண்டு கடிச்சவன்.

— கடிச்சுத் துப்பியிருப்பான். போன கிழமையும் இப்பிடித்தான் கூப்பிட்டனீங்கள். குனிஞ்சு பாத்தால் கூட்டுக்குக் கீழை ஒரே தூள்.

— இண்டைக்குப் பேப்பர் விரிச்சு வைச்சிருக்கிறன், பார். தூள் கிடக்கோ? முழுங்கினவன். இந்தக் கண்ணாலை கண்டனான். அந்தா, அடுத்ததை எடுக்கிறான். அசையாதை. மஞ்சளை ஒதுக்கிப்போட்டுப் பச்சையாப் பொறுக்கிறான், கள்ளன்.

— மாதாவே, மெய்தான். தின்னுறான்.

— என்ன, அழுகிறியே?

— இல்லை, அடுப்புப் புகை.

— காஸ் அடுப்பிலை என்ன புகை? அழு, பறவாயில்லை. பத்தியம் தொடங்கி எழுபத்தாறு நாள், ஜெனீற்றா. மிருக டொக்டர் சொன்னது நினைவிருக்கே? சூரியகாந்தி விதையும் மிக்சரும் திண்டு திண்டு ஈரலெல்லாம் கொழுப்பாம். பெல்லற்றும் மரக்கறியும் பழக்காட்டில் நத்தார்ப் பெருநாள் காணானாம். எங்கடை பிள்ளை நிலக்சனா கம்பசுக்குப் போகேக்கை என்ரை கையிலை தந்திட்டுப் போன கிளி. அவள் வரேக்கை வெறுங்கூட்டையே காட்டுறது?

— மிக்சர் தீத்தினது ஆராம்?

— நான்தான். நான் தின்னேக்கை வாயைப் பாத்துக்கொண்டு இருப்பான். மனம் கேக்குமே?

— பெல்லற்றைக் கூழுக்கை ஊறவைச்சுக் குடுத்ததும் நீங்கள்தான். நண்டும் உப்பும் புளியும் போட்ட கூழ். கிளிக்கு உப்பு நஞ்சு எண்டு அந்த டொக்டர் தலையிலை கை வைச்சவர்.

— தீவுக் கிளிக்குக் கூழ் பிடிக்காமல் போகுமே எண்டு நினைச்சிட்டன். கிண்ணத்தோடை என்ரை சாரத்திலை கவிட்டுப்போட்டானே.

— அதுக்குப் பிறகுதானே நான் பத்தியம் எழுதின பேப்பர் வாங்கிக்கொண்டு வந்தனான்.

— ஓம், உன்ரை பேப்பர். குளிர்ப்பெட்டியிலை ஒட்டிப்போட்டு, "கிளி தனியத் தின்னாது, எசமான் தின்னுறதைப் பாத்துத்தான் தின்னும், ரெண்டு பேருக்கும் ஒரே பத்தியம்" எண்டனீ. காலமை அவிச்ச பயறு. மத்தியானம் ஒரு கை சிவப்பரிசிச் சோறு, மிச்சமெல்லாம் முருங்கையிலை, கரட், பயித்தங்காய். தேத்தண்ணிக்குச் சீனி இல்லை, பொரியல் இல்லை, கள்ளும் இல்லை. கிளிக்கு ஆரப்பா கள்ளு வாக்கிறது?

— டொக்டர்மார் எல்லாத்தையும்தான் எழுதுவினம்.

— ம்.

— தவக்காலத்திலையே இறைச்சி விடாத மனுசன் நீங்கள். இப்ப ஊர்காவற்றுறைச் சந்தையிலை என்ன கதை தெரியுமே? சில்வெஸ்ரர் சம்மாட்டியார் வள்ளத்தை மறந்திட்டுக் கிளியோடை இருந்து இலை தின்னுறாராம்.

— சொல்லட்டும். நான் ஒரு வாய், அவன் ஒரு வாய். நீயும் பக்கத்திலை உன்ரை சாப்பாட்டுக் கோப்பையோடை இருப்பாய். வல்லாரையை நான் மாடு மாதிரிச் சப்பேக்கை தலையைச் சரிச்சுப் பாப்பான். ஆனால் பெல்லற்றை மட்டும் முழுங்கான். இண்டைக்கு நானே ஒண்டைக் கடிச்சுக் காட்டினனான்.

— பெல்லற்றையே திண்டனீங்கள்?

— பிழையில்லை. நமுத்த பிஸ்கற் மாதிரி. அதைக் கண்ட பிறகுதான் அவனும் எடுத்தவன். தராசைக் கொண்டா, நிறுத்துப் பாப்பம். வா ராசா, ஏறு. பாத்தியே? நானூற்றி எண்பத்தெட்டு கிராம். ஐஞ்ஞூற்றி முப்பதிலை நிண்டவன். சொன்னனானே, பிழைச்சிட்டான். போனை எடு, பிள்ளைக்குச் சொல்லுவம்.

— நில்லுங்கோ. பிள்ளைக்குச் சொல்ல இன்னொண்டும் கிடக்கு. உங்கடை ரத்தம் பாத்த துண்டு வந்திட்டுது. முந்நூற்றிப் பத்து நிண்ட சீனி நூற்றி இருபத்தெட்டு. கால் விரல் புண்ணும் காஞ்சிட்டுது. இனி விரலை எடுக்கத் தேவையில்லையாம்.

— நல்லது. நீ முதல் கப்பித்தான்ரை கதையைச் சொல்லு.

— உங்களோடை ஒரு உண்மை கதைக்க வேணும். கோவிக்கப்படாது.

— கோவிக்கேல்லை, சொல்லு.

— கிளி எசமானைப் பாத்துத் தின்னும் எண்டது மிருக டொக்டர் சொன்னதுதான். ஆனால் அந்தப் பேப்பர் அவர் தந்ததில்லை. உங்கடை கிளினிக்கிலை தந்தது. நீங்கள் அதைக் கசக்கிப் பண்ணைப் பாலத்திலை பஸ் யன்னலாலை எறிஞ்சிட்டியள். நான் திரும்பப் போய் நேர்ஸ் மிஸ்ஸிட்டைக் கெஞ்சி இன்னொண்டு வாங்கினனான். மேலை உங்கடை பேர் கிடந்த இடத்தைக் கத்தரிக்கோலாலை வெட்டிப்போட்டு ஒட்டினனான்.

— தெரியும்.

— என்னண்டு தெரியும்?

— மேலை வெட்டினனீ, கீழை வெட்ட மறந்திட்டாய். "நிறை எண்பத்தாறு கிலோ" எண்டு கிடந்தது. எந்த ஊர்க் கிளியப்பா எண்பத்தாறு கிலோ?

— எப்ப கண்டனீங்கள்?

— ஒட்டின அண்டைக்கே.

— கண்டிட்டே எழுபத்தாறு நாளும் பேசாமல் திண்டனீங்கள்? விரலே போகுமெண்டு டொக்டர் சொல்லியும் கேக்காத மனுசன், இதை மட்டும் ஏன் கேட்டனீங்கள்?

— உனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை. நீயும் எழுபத்தாறு நாள் உப்பில்லாமல், சீனியில்லாமல் எனக்கு முன்னாலை இருந்து திண்டனீ. கப்பித்தான் என்னைப் பாத்துத் திண்டவன், நான் உன்னைப் பாத்துத் திண்டனான்.